மனிதர் என்று சான்றளிக்கப்படாதவர்

மனிதனையும் இயந்திரத்தையும் பிரித்தறிவதைவிட மகத்தான பணி இவ்வுலகில் வேறில்லை. இணையச் சதுரங்கத் தளமொன்றின் 'மனிதத்தன்மை ஆய்வுக் குழு' அதை ஏற்று, யாரும் கேட்காமலேயே மானுட குலத்துக்குத் தொண்டாற்றி வந்தது. அதன் கண் ஓய்வுபெற்ற பதிவாளர் ஒருவர்மேல் விழுந்தது.

புகார் கொடுத்தவர் அவருடைய சம்பந்தி. தளத்தில் எல்லாருக்கும் புனைபெயர்தான் என்பதால், தன்னை ஓயாமல் தோற்கடிப்பது யாரென்று அவருக்குத் தெரியாது. "இது மனுஷன் ஆடுற ஆட்டமே இல்ல" என்று எழுதிவிட்டார். கணினி நிரலை வைத்து ஆடிய மோசடி நிரூபணமானால் உண்மைப் பெயர் வெளியாகும், சம்பந்தி படிப்பார். குடும்ப மானம் அந்தரத்தில் தொங்கியது.

திரையில் விசாரணை. பதிவாளர் கழுத்துப் பட்டன்வரை போட்டு, முதுகு நாற்காலியில் படாமல் அமர்ந்தார். சாட்சியாக மனைவி, பக்கத்தில் பட்டாணி உரித்தபடி.

"சார், ராஜாவுக்கு ஒரே கட்டம்தான் மிச்சம். அதுக்கும் அரை நிமிஷம் யோசிச்சிருக்கீங்க" என்றார் ஆய்வாளர்.

"அவசரப்படுறது எங்க குடும்பத்துல கிடையாது."

"எதிராளி ராணியைத் தூக்கிக் கொடுத்தாரு. அப்பவும் அதே அரை நிமிஷம்."

"ஓசியில கிடைச்சா பாயுற பரம்பரை இல்ல இது."

'மனித ஆசை: தென்படவில்லை' என்று ஆய்வாளர் பயபக்தியுடன் குறித்துக்கொண்டு மனைவியிடம் திரும்பினார்.

"அம்மா, இவர் தப்புப் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?"

"நான் பார்த்திருக்கேன். அவர் பார்த்ததில்ல."

"சிரிப்பாரா?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா."

"மனசு விட்டுப் பேசுவாரா?"

"ரெண்டு மூணு பதில் வெச்சிருக்கார். எதைக் கேட்டாலும் அதுல ஒண்ணு வரும்."

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "எந்த நிரலுக்கும் வருத்தப்படத் தெரியாது சார். அம்மாகிட்ட ஒரு தடவை 'மன்னிச்சிடு'ன்னு சொல்லிடுங்க. மனுஷர்னு சான்றிதழ் கொடுத்துடறோம்."

"எதுக்கு மன்னிப்பு?"

பட்டாணி உரித்த கை நின்றது. "பொண்ணு கல்யாணத்தன்னிக்கு அத்தனை பேர் எதிர்ல என்னை வாயை மூடுன்னீங்களே. அதுக்கே சொல்லலாம்."

பதிவாளர் வழக்கமான அரை நிமிடத்தை எடுத்துக்கொண்டார்.

"சொல்லலைன்னா?"

"மனுஷரா இருந்துக்கிட்டு ஏமாத்தினா பேர் போடுவோம். வெறும் நிரல்னு ஒத்துக்கிட்டா, கணக்கை மூடுறதோட சரி. நிரலுக்கு ஏது சார் பேரு?"

பதிவாளரின் முகம் தெளிந்தது. "அப்ப நிரல்னே எழுதிக்குங்க."

இவ்வாறு ஒரு கண்ணியமான குடும்பத்தின் மானம், ஒரு கீறலும் விழாமல் காப்பாற்றப்பட்டது. பதிவாளர் எழுந்து நின்று சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"நடைமுறைக்காகக் கேக்கறேன்" என்றார் ஆய்வாளர். "அம்மா, இதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"எனக்கென்ன ஆட்சேபணை?" என்றார் மனைவி. "இப்படி ஒரு ஆபீஸ் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, கழுத்தை நீட்டுறதுக்கு முன்னாடியே ஒரு மனு போட்டிருப்பேன்."