கோளாறு ஒன்றுமில்லை, அது தொப்பி

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகன் ஜனார்த்தனனுக்கு அப்பா தியாகராஜா எழுதிக்கொள்வது. இங்கே மழையும் நானும் சுகம். அங்கே ரொறொன்ரோவில் நீயும் உன் பனியும் சுகமாக இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "அப்பா, யாரு உங்களுக்கு மூஞ்சில பைப் பூட்டினது? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று சத்தம் போட்டாய். நான் வாயெடுக்கும்போதெல்லாம் நீ அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். பிறகு அழுதாய். அழுகிற பிள்ளையிடம் தொப்பியைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் வெட்டிப் பேச உன்னால் முடியாது.

முதலில், அந்தப் படத்தில் இருப்பது நான்தான். ஆனால் எனக்கு நோய் ஒன்றும் இல்லை. மூலகாரணம் நீ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் "ஸ்டீம்பங்க் கார்ட்டூனுக்கு பேக்கிரவுண்ட் வரையறேன்" என்றாய். லைன் சரியில்லாமல் எனக்கு அது ஸ்டீம் பம்ப் என்று கேட்டுவிட்டது. மகன் கனடாவில் பம்ப் வேலை என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். போன வருடம்கூடக் குண்டசாலையிலிருந்து ஒருவர் வந்து, கிணற்று மோட்டார் இறுகிப் போச்சு, தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க என்றார். உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று, "கரண்ட் குறைவா வருது போல" என்று நானே சொல்லி அனுப்பினேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

அம்மா போன பிறகு வீட்டில் பிரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடுகிறது. நகரசபை வேலையில் இத்தனை வருடம் நாலு பேர் பேச்சுக்கு நடுவில் இருந்து பழகியவனுக்கு அது போதவில்லை. நீ அனுப்பிய உன் கார்ட்டூன் பட லிங்க் நினைவுக்கு வந்தது. பாலத்தடியில் போன் கடை வைத்திருக்கிற பாயிஸ் வந்து அதை டீவியில் போட்டுக் கொடுத்தான். முதலில் உன் பெயருக்காகத்தான் பார்த்தேன். கடைசியில் பெயர்கள் எறும்பு வரிசைபோல ஓடுகின்றன, கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் நீ போய்விடுகிறாய். திரும்பத் திரும்பப் போட்டதில் படமே பழகிவிட்டது. வானத்தில் போகும் கப்பல், அதன் வயிற்றுக்குள் கரி அடுப்பு, மூட்டுக்கு மூட்டு ஆவி கக்கும் பித்தளைக் குழாய்கள். வெள்ளைக்காரன் ரயிலோட நிறுத்தாம அதே நீராவியில ஆகாசத்துக்கும் போயிருந்தா எப்பிடி இருக்கும், அதுதான் அங்கிள் ஸ்டீம்பங்க் என்று பாயிஸ் விளக்கினான். விளக்காமலே எனக்குப் பிடித்துப் போயிருந்தது. என் போன் பழுதானால் அதன் முகத்தில் ஒன்றும் தெரியாது. உன் கப்பல் பழுதானால் எந்தப் பல்சக்கரம் நின்றதென்று பார்க்கிறவன் கண்ணுக்கே தெரிகிறது. அதைவிட, அந்தக் கப்பலைத் தனி ஆளாக ஓட்ட முடியாது. ஒருவன் கரி அள்ளிப் போட வேண்டும், ஒருத்தி அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்க்க வேண்டும், இன்னொருவன் குழாயில் வாயை வைத்து மேல்தட்டில் இருப்பவனுக்குக் கத்த வேண்டும். இங்கே சோறு பொத்தானில் வேகிறது, தண்ணீர் பொத்தானில் தாங்கிக்கு ஏறுகிறது. எதற்கும் இன்னொரு ஆள் தேவைப்படவில்லை. நீ வரைந்த ஊரில் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றவே மூன்று பேர் நிற்கிறார்கள். அங்கே எனக்கும் ஒரு வேலை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன் மகன், கரி அள்ளுகிற வேலையானாலும் சரி.

இந்த நிலைமையில்தான் பாயிஸ், கண்டியில் குளத்தடிக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் கார்ட்டூன் பிரியர்கள் வேஷம் போட்டுக் கூடுகிறார்கள், ஸ்டீம்பங்குக்கென்று தனி மூலையே இருக்கிறது என்றான். "அங்கிள், ஒங்கட மகன்ட படத்தப் பாத்த ஆக்கள் நெறய வருவாங்க. நீங்களும் உடுத்திட்டு வாங்களே" என்றான். அவ்வளவு பேரில் ஒருவராவது அந்தப் படத்தைப் பற்றிப் பேசினால், கப்பலை வரைஞ்சது என் மகன் என்று சொல்லலாமே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. கறுப்பு அட்டையில் உயரத் தொப்பி செய்தேன். அதன் தலையில் புகைபோக்கியாகப் புட்டுக்குழலை நிறுத்தினேன். உண்மையில் ஆவி போன குழல் என்பதால் அதற்கு ஒரு தகுதி இருந்தது. கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி. தொப்பியிலிருந்து மூக்கையும் வாயையும் மறைக்கிற வாய்மூடிவரை பழைய கேஸ் அடுப்புப் பைப். நெஞ்சில் பாயிஸ் கராஜிலிருந்து கொண்டுவந்த அழுத்தமானி. என் கல்யாணக் கோட்டு இன்னும் பொத்தான் போட வருகிறது, குழல் உள்பட எல்லாவற்றுக்கும் பொன்னிறப் பூச்சு.

பாயிஸ் முன்னரே மண்டபத்துக்குப் போய்விட்டதால் நான் தனியாகக் கண்டி பஸ்ஸில் ஏறினேன். ஏறியதுதான் தாமதம், முன் சீட்டிலிருந்த அம்மணி எழுந்துவிட்டார். பெயர் சித்தி றலியா. ஆஸ்பத்திரியில் இருக்கிற தங்கச்சிக்கு சூப் கொண்டு போகிறவர்.

"யா அல்லாஹ், இந்த மனிசனுக்கு மூச்செடுக்க ஏலாம ஈக்குது போல! எழும்புங்க, எடம் குடுங்க!"

கண்டக்டர் என்னைச் சீயா, சீயா என்று சிங்களத்தில் தாத்தா முறை சொல்லி உட்கார வைத்தான். ஒருவர் யன்னலைத் திறந்தார், இன்னொருவர் விசிறினார். வாய்மூடி இறுகியிருந்ததால் என்னால் ஒரு வார்த்தை விளக்க முடியவில்லை. நெஞ்சில் இருந்த அழுத்தமானியின் முள் பஸ் குலுங்கும்போதெல்லாம் ஆட, றலியா அதைப் பார்த்துப் பார்த்து "கூடுது, கூடுது" என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். கண்டியில் இறங்கியதும் நாலு பேர் என்னைத் தூக்காத குறையாகத் திரீவீலரில் ஏற்றினார்கள். புட்டுக்குழல் உள்ளே கொள்ளவில்லை. தலையை வெளியே சாய்த்து வைத்தேன். குழலை ஒரு கையாலும் சூப் கெரியரை மறு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த அம்மணி ஆஸ்பத்திரிவரை வந்தார்.

வாசலிலேயே சக்கர நாற்காலி. தாதி சர்மிளா, ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, ஓடி வந்தாள்.

"ஐயா, இது எப்ப பூட்டினது? எந்த டாக்டர் பூட்டினாரு?"

நான் தலையை ஆட்டினேன். குழலும் ஆடியது.

"கூட யாரு வந்திருக்கா?"

"நாந்தான்" என்றார் றலியா.

"நீங்க யாரு, மகளா?"

"இல்ல, பஸ்ஸில பக்கத்துல ஈந்தன்."

அந்தப் பிள்ளை பேனாவைச் சட்டைப்பையில் செருகியது. பிறகு என் வாய்மூடியைக் கழற்றி, "வீட்டுல யாரு ஐயா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டது. "இது தொப்பி" என்று மட்டும் சொன்னேன்.

சிரிப்புச் சத்தம் மருந்து கொடுக்கிற இடம்வரை கேட்டிருக்கும். ஆனால் பிரஷர் பார்த்ததில் அது உண்மையாகவே ஏறியிருந்ததால், பின்னேரம்வரை படுக்கச் சொல்லிவிட்டார்கள். தேடிக் களைத்த பாயிஸ் அங்கே வந்து சேர்ந்தான். எங்கட குரூப்பிலயே நல்ல வேஷம், மண்டபத்துக்கு வரக் குடுத்துவைக்கல்ல என்று மறுபடி எல்லாவற்றையும் பூட்டிப் படமெடுத்து இன்டர்நெட்டில் போட்டான். அதுதான் உன் கைக்கு வந்து உன்னை அழவைத்த படம்.

சர்மிளா, "ஒங்க மகன் வரைஞ்சத காட்டுங்க பாப்போம்" என்றாள். பாயிஸின் போனில் போட்டோம். பக்கத்துக் கட்டில்காரர் சேலைன் கம்பியையும் தள்ளிக்கொண்டு வந்தார், தலையில் கட்டுப் போட்டவர் வந்தார், தங்கச்சி குடிக்காமல் விட்ட சூப்போடு றலியாவும் வந்து, "நீங்க குடிங்க" என்று எனக்கு ஊற்றித் தந்துவிட்டுப் பார்த்தார். கப்பல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது ஒருவரும் இருமவில்லை. கடைசியில் பெயர் ஓடியதும் "இந்தா, இந்தா!" என்று காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவர்கள் தட்டியது உனக்கு முந்தின பெயருக்கு, யாரோ ஒரு பிரெஞ்சுக்காரருக்கு. நான் திருத்தவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இனித் தொப்பி போட மாட்டேன், தனியாகப் பஸ்ஸில் அலைய மாட்டேன். நீ பயந்துகொண்டு லீவு எடுத்து வர வேண்டாம். வேலைதான் முக்கியம், அந்தக் கப்பலை யாராவது வரைய வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மா இருந்தால் சொல்லுகிற புத்திமதிகள் எல்லாவற்றையும் சொன்னதாக எடுத்துக்கொள்.

ஆயிரம் ஆசிகளுடன்,
அப்பா.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மனது கேட்கவில்லை. வாய்மூடி இறுகியிருக்கவில்லை, வெறும் ரப்பர் பட்டிதான். பஸ்ஸிலேயே ஒரு தடவை இறக்கி மூக்கைச் சொறிந்துகொண்டேன். வேஷம் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லியிருக்கலாம். அம்மா போன பிறகு ஒருவரும் என் கையைப் பிடித்து உட்கார வைத்ததில்லை, அதனால் சொல்லவில்லை. பிரஷரும் ஏறியிருக்கவில்லை. டாக்டர் உடனேயே வீட்டுக்குப் போகலாம் என்றார். மழை விட்டதும் போகிறேன் என்று நான்தான் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு மழையே இல்லை. லீவு எடுத்து வர வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அதையும் இந்தப் பொய்களோடு சேர்த்துக்கொள்.