மாமாவுக்கு முதல் ஹீல்

கரிக்கலாம்பாக்கத்தில் ஒரே மதியத்தில் ஐந்து பேர் செத்ததற்கு நான்தான் காரணம். (செத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் போலீஸ் வரவில்லை.)

செத்தது செல்போனில்தான். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் என்று மோதும் ஆன்லைன் சண்டை விளையாட்டு. எங்கள் டீமுக்கு நான் ஹீலர். எனக்குக் கத்தி கிடையாது, வில் கிடையாது. அடிபட்டவன் மேல் பச்சை வெளிச்சத்தைக் கொட்டி அவன் உயிரை ஏற்றிவிடுவது மட்டுமே வேலை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கோடு இருக்கும். அடி விழ விழக் குறையும். சிவப்பானால் ஆள் போகப்போகிறான் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் எதுவும் படித்தால் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஹீலர் வேலைக்கும் அட்டை போட்டு ஒரு நோட்டு வைத்திருந்தேன். ‘முன்னால் நின்று அடிவாங்குபவனுக்கே முதல் ஹீல். உயிர் நிரம்பி இருப்பவனுக்கு வீணாக்காதே. ஒருமுறை போட்டால் பத்து விநாடி காத்திருக்க வேண்டும். நீ செத்தால் எல்லோரும் செத்தார்கள்.’ கடைசி வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. எங்கள் டீமில் முன்னால் நிற்பவன் என் சிநேகிதன் சேகர். என்னை நம்பித்தான் எதிரிக் கூட்டத்துக்குள் குதிப்பான். நானும் அவனைச் சாகவிட்டதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று இளைஞர் மன்றம் கல்யாண மண்டபத்தில் நடத்திய போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே கரையாம்புத்தூர் டீம். சண்டை முழுக்கப் பெரிய எல்இடி திரையில் தெரியும். அன்றைக்கே எங்கள் வீட்டில் அக்காவுக்குத் தலை ஆடி விருந்து. அக்கா புருஷன், அதாவது மாமா, பாகூரில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறார். விருந்து சாப்பிட்டு அக்காவை எங்கள் வீட்டில் விட்டுப் போவார். ஆடி முடிந்ததும் வந்து கூட்டிப்போக வேண்டும்.

மாமா கோபக்காரர் இல்லை. கோபத்தைவிட மோசமான ஒன்று அவரிடம் இருந்தது: மனவருத்தம். மறுவீட்டு விருந்தில் அவர் இலைக்கு வடை வைக்க மறந்துவிட்டோம். “பரவால்ல” என்று மட்டும் சொல்லிக் கை கழுவப் போனார். அதன்பின் இருபத்தொரு நாள் அக்காவோடு பேசவில்லை. (அக்கா எண்ணியிருக்கிறாள்.) அதனால் காலையிலேயே அம்மா என்னைச் சமையற்கட்டுக்கு இழுத்துச் சொன்னாள்:

“மாப்ள மொகம் சுருங்கிப் போனாருன்னா, ஆடி முடிஞ்சி ஒங்கக்காவ இட்டுனு போவ வருவாரோ மாட்டாரோ. பாத்து நடந்துக்கடா.”

அந்த நேரம் பார்த்து எங்கள் ஐந்தாவது ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல். “நான் வேணா வரட்டா? நானும் ஆடுவேன்” என்றார் மாமா. வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்குத் தைரியம்? பாயசம் குடித்த கையோடு குடும்பமே மண்டபத்துக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தது.

ஆட்டம் தொடங்கியது. சேகர் குதித்தான். மூன்று பேர் அவனைச் சூழ்ந்தார்கள். மாமா ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“டேய், ஹீல் போடுறா!” என்று சேகர் கத்தினான். போட்டேன். திரையில் பச்சை கொட்டியது.

“இன்னாடா அது, சேகருக்கு மட்டும் ஊத்துற? மாப்ளைக்கு?” என்றாள் அம்மா.

“அவருக்கு அடியே படலமா!”

“மாப்ள கேட்டாத்தான் ஊத்துவியா?”

“பரவால்ல அத்த. எனக்கு இருக்கறது போதும்” என்றார் மாமா.

அதே ‘பரவால்ல’. அக்கா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள்.

அடுத்த ஹீல் மாமாவுக்கு. ஏற்கெனவே நிரம்பியிருந்தவர் மேல் கொட்டிப் பச்சை வழிந்தோடியது.

“எங்கடா வுட்ட? நான் சாவறன்டா!”

“பத்து செகண்டு பொறுடா சேகரு!”

“இத அவனுங்ககிட்ட சொல்லுடா!”

அப்போது எங்கிருந்தோ ஓர் அம்பு வந்து மாமாவை உரசியது. அவருடைய கோட்டில் நகத்தளவு குறைந்தது. “லேசா பட்டுடுச்சி” என்றார். அவர் சொன்ன விதத்துக்கு ஆம்புலன்ஸே வந்திருக்கலாம். முதல் வரிசையில் சித்தி ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள்.

ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை போடக்கூடிய பெரிய ஹீல் ஒன்று உண்டு. சேகருக்கென்று வைத்திருந்தேன். அதை எடுத்து மாமாவின் நகத்தளவுக் காயத்துக்குப் போட்டேன். சேகர் போய்ச் சேர்ந்தான். அவன் பின்னாலேயே மற்ற இருவரும்.

“கரிக்கலாம்பாக்கம் ஹீலர் எந்த டீமுக்கு ஆடுகிறார் என்பதை விழாக் குழுவுக்குத் தெரிவிக்கவும்” என்றார் மைக் பிடித்தவர்.

எனக்கும் சிவப்பு. ஆனால் விருந்து வைப்பவன் கடைசியில்தானே சாப்பிட வேண்டும்? கைக்கு வந்த ஹீலை மறுபடியும் மாமாவுக்கே பரிமாறிவிட்டுச் செத்தேன்.

மாமா மட்டும் தலைக்கு மேல் பசேலென்ற கோட்டோடு நின்றார். எதிரிகள் ஐந்து பேரும் மரத்தைச் சுற்றி வந்தார்கள்.

“மச்சான், கொஞ்சம் ஹீல் வுடு.”

“நான் செத்துட்டன் மாமா.”

“அடடா” என்றார். அவரும் செத்தார்.

கோப்பை கரையாம்புத்தூருக்குப் போனது. மாமாவோ பூரித்துப்போயிருந்தார். “நாலு பேர வுட்டுட்டு என்ன பாத்துக்கினாங்க பாரு, அதான் குடும்பம்!” என்று அக்காவிடம் சொன்னார். ஆடி முடிந்த மறுநாள் காலை, நாங்கள் பல் விளக்குவதற்குள் அவளைக் கூட்டிப்போக வந்துவிட்டார்.

சேகர்தான் ரொம்ப நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறான், ஆனால் இதைத்தான் பேசுகிறான். போன மாசம் அக்கா குழந்தைக்குப் பாகூரில் காதுகுத்து. வாசல் சேற்றில் வண்டியோடு சறுக்கி விழுந்தான் சேகர். முட்டியில் ரத்தம். பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“மொதல்ல ஒங்க மாமாவுக்குப் போட்டுட்டு வாடா” என்றான். மொத்தக் கூட்டமும் சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. கடையில் ஆணி கிழித்த சுண்டுவிரலை மெதுவாக என் பக்கம் நீட்டினார்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சேகரிடம், “பத்து செகண்டு பொறுடா” என்றேன்.