கரடியார் கேட்காத சேதி

ஒரு காட்டில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் புருஷன் மாடப்பன் சண்டை போட்டுக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சண்டை ஒரு கிழங்கைப் பற்றியது. அந்தக் கிழங்கை இரண்டு பேருமே தின்னவில்லை, பெருச்சாளி தின்றுவிட்டது.

அப்போதுதான் காட்டில் எல்லோர் கழுத்திலும் பேசும் பெட்டி வந்து தொங்கியது. ஒரு பெட்டியில் பேசினால் மலைக்கு இந்தப் பக்கமுள்ள எல்லாப் பெட்டிகளும் அதையே பேசும். பெட்டிகளுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. சேதி யாருக்கு, எந்த இடத்துக்கு என்பதை மட்டும் முதலில் சொல்ல வேண்டும். மலை தாண்டிப் போகிற சேதியை உச்சியில் இருக்கும் யாராவது வாங்கி அந்தப் பக்கத்துக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்த ‘யாராவது’ யார் என்று குறிப்பிட வழியில்லை. அதனால் எல்லோரும் சொன்னார்கள். பல்வலி என்று நரி ஒருமுறை சொன்னதற்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று வைத்தியர்கள் வந்து, ஆளுக்கொரு பல்லைப் பிடுங்கிப் போனார்கள்.

தலைவர் கரடியார் ஆணையிட்டார்: “உன் பேருக்கு வராத சேதியைக் கேட்காதே. காதில் விழுந்தால் உதறிவிடு. மீறினால் காட்டை விட்டு வெளியே!”

மறுநாள் சடைச்சி பெட்டியில் விம்மியது: “அந்தப் பக்கம் புற்றடியில இருக்கிற மாடப்பனுக்கு. கோவம் போயிடுச்சு. நீங்க குத்தாம வளையில தூக்கமே வரல. வந்துடுங்க.”

காடே கேட்டது. காடே காதை உதறியது.

உச்சியில் இருவாச்சிப் பறவையும் கீரியும் மந்தியும் உட்கார்ந்திருந்தன.

“ஏதாவது கேட்டுச்சா?” என்றது கீரி.

“எனக்கெங்கே?” என்று மந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“காத்துச் சத்தமா இருக்கும்” என்றது இருவாச்சி.

மற்ற இரண்டும் சட்டத்துக்குப் பயந்தவை, பாவம் அந்தப் பொம்பளை என்று மூன்றும் தனித்தனியே நினைத்தன. ஆளுக்கொரு பாறை மறைவில் போய்ப் பெட்டியில் கிசுகிசுத்தன.

இருவாச்சியின் கரகரப்பில் முதலில் கேட்டபோது மாடப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கீரியின் கீச்சுக்குரலில் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தது. மந்தி கேவிக் கேவி, “வந்துடுங்க மச்சான்!” என்று சொந்தச் சரக்கையும் சேர்த்ததும், “ஊரே கூப்பிடுது, இனியும் முறுக்கிக்கிட்டா நல்லா இருக்காது” என்று மலையேறி ஓடி வந்தது.

கிசுகிசுத்தது இந்தப் பக்கத்துப் பெட்டிகளிலும் கேட்டுவிட்டது. கரடியார் கொதித்துப்போய்ச் சபையைக் கூட்டினார்.

“யார் அதைத் திரும்பச் சொன்னது?”

“எதை ஐயா?” என்றது கீரி.

“அதான், குத்தாம வளையில தூக்கமே வரலன்னு...”

கரடியார் வாயை மூடிக்கொண்டார். சபை மொத்தமும் அவர் முகத்தையே பார்த்தது.

“பொதுவாக விசாரித்தேன்” என்றார். “கலையலாம்.”

அன்று வளையிலிருந்து ‘ஆ’, ‘ஐயோ’ என்று சத்தம் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று குத்திக்கொண்டு சுகமாகத் தூங்கின.

நீதி: ஒட்டுக்கேட்பது பாவம். ஒட்டுக்கேட்டவரைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பாவம்.