பெருசாப் பண்ணுகிறவர்

வேலையைச் சின்னதாகச் செய்து முடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒன்றுமே செய்யாதவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராத ஓர் இனம் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள்: பெருசாப் பண்ணுகிறவர்கள். இவர்களைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஓயாமல் உழைப்பார்கள். நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்று இவர்களிடம் சொல்லிப் பாருங்கள். ஆணி தேட மாட்டார்கள். நாற்காலியை மட்டும் பார்த்தால் எப்படி, மொத்த மண்டபத்தையும் பார்ப்போம் என்பார்கள். அன்றிலிருந்து நீங்கள் ஆடுகிற நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பேரூராட்சியில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒருவர் இருந்தார். பெயர் பச்சியப்பன். மாங்கூழ் ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, வார்டு உறுப்பினர் ஆனவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். ஊரின் கலைக்கும் மரபுக்கும் பேரூராட்சி என்ன உதவி செய்யலாம் என்று திட்டம் போட ஒரு துணைக்குழு அமைத்தபோது, வேறு யாரும் கை தூக்காததால் அவரே தலைவர் ஆனார். ஆன நாள் முதல் அவர் நடையே மாறிவிட்டது. வயல் நடுவே நடுகல்லைக் கண்டால் போதும், காரை நிறுத்தி, அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார். குழுவின் முதல் கூட்டம் திட்டத்துக்குப் பெயர் தேடியது. அடுத்த கூட்டம் சின்னம் தேடியது. கூத்துக் கிரீடமா, நடுகல்லா என்று குழு இரண்டாகப் பிளந்து, பிறகு வந்த கூட்டத்தில், கிரீடம் வைத்த நடுகல் என்று சமாதானமாயிற்று.

அந்தச் சமாதானத்தின் சந்தோஷத்தில் எல்லோரும் இருந்தபோதுதான் ஷாஹீன் எழுந்தார்.

ஷாஹீன் சந்தைப்பேட்டை வார்டு உறுப்பினர். தையல் கடை வைத்திருப்பவர்; கூத்து வாத்தியார் மாதுவின் குழுவுக்கு உடுப்பு தைத்துக் கொடுப்பவரும் அவர்தான். சந்தைத் திடலில் வருடா வருடம் மாதுவின் குழு விடிய விடியக் கூத்து ஆடும். பெண்கள்தான் கூட்டம். பாதிக் கதையில் அந்தக் கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விடும். ஏன்? திடலின் ஓரத்தில் பேரூராட்சி கட்டிய கழிப்பறை இருக்கிறது. ஆனால் திறந்தால் அழுக்காகிவிடும் என்று, திறப்பு விழா முடிந்த கையோடு பூட்டிவிட்டார்கள். ஆண்களுக்கென்ன, சுற்றிலும் புளியமரம்.

மிச்சமிருக்கிற ஆம்பளைகளும் தூங்கிவிட்டால் யாருக்காக ஆடுவது என்று மாது தன்னிடம் கேட்டதை ஷாஹீன் சொன்னார். தக்காளி விற்கும் பெரியம்மாள் கேட்டது இன்னொன்று. அதை அவர் பேச்சிலேயே சொன்னார்: "கல்யாணம் ஆவுறதுக்கு முன்னாடி இருந்து பாக்கறேன், அந்த ராஜா கடைசில செத்தானா பொழைச்சானான்னு எனக்கு இன்னும் தெரியாதுங்க." அதனால் கூத்து நடக்கிற ராத்திரியாவது அந்தப் பூட்டைத் திறந்துவிட வேண்டும். கலைக்குப் பேரூராட்சி செய்யக்கூடிய உதவி அவ்வளவுதான். ஒரு சாவி.

பச்சியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"இத வெறும் சாவின்னு பாக்கக்கூடாதும்மா. பெருசாப் பண்ணுவோம்."

பெருசாகத்தான் ஆயிற்று. கழிப்பறை இருந்த இடம் காகிதத்தில் பண்பாட்டு வளாகமாக வளர்ந்தது. அதில் திறந்தவெளி அரங்கம், அருங்காட்சியகம், நடுகல் பூங்கா, கைவினை அங்காடி, இவற்றையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்து ரசிக்க ஒரு கோபுரம். முதல் கட்டத்தில் ஆய்வு. இரண்டாம் கட்டத்தில் அந்த ஆய்வைப் பற்றிய ஆய்வு. கழிப்பறை மூன்றாம் கட்டத்துக்குப் போயிற்று. அதுவரைக்குமாவது திறந்து வைக்கலாமே என்று ஷாஹீன் கேட்டதற்கு, நடுவில் திறந்தால் திட்டத்தின் ஒருமைப்பாடு கெட்டுவிடும் என்றார் தலைவர். ஒருமைப்பாடு! அதற்கு மேல் யார் பேசுவது?

பிறகு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. மக்கள் நடுவில்தான் நடக்க வேண்டும் என்று பச்சியப்பன் பிடிவாதம் பிடித்து, சந்தை நாளாகப் பார்த்து, திடலிலேயே பந்தல் போடச் செய்தார். வரைபடத்தோடு சேலத்திலிருந்து கிளம்பிய கட்டடக் கலைஞர் இளம்பரிதி, தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததால் வழியிலேயே மாட்டிக்கொண்டார். போன் போட்டால் இன்னும் ஏறிக்கொண்டேதான் இருப்பதாகச் சொன்னார். தலைவர் என்ன செய்வார்? வந்த விருந்தாளிகளை உபசரித்தார். பேராசிரியரோடு ஒரு டீ, நிருபர்களோடு ஒரு டீ, வெயிலுக்கு இளநீர், இளநீருக்கு மேல் மோர். சர்க்கரை உள்ள உடம்பு வேறு.

மைக்கைப் பிடித்துத் தகடூரின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் வேகம் கூட்டினார். அதியமான் காலத்தையே நாலு வாக்கியத்தில் தாண்டினார். பேச்சை முடித்துவிட்டுப் புளியமரங்களைப் பார்த்தார். ஒவ்வொரு மரத்தடியிலும் கூடையோடு பெண்கள். அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்கள் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று, கும்பிட்ட கையோடு அவர் சிரிக்கும் பேனர் ஆளுயரத்துக்கு நின்றது. இந்த வெள்ளை வேட்டியோடு எங்கே ஒதுங்குவது?

பச்சியப்பன் ஷாஹீனின் பக்கமாக நகர்ந்து, தணிந்த குரலில், கழிப்பறைச் சாவி யாரிடம் என்று கேட்டார். துப்புரவு மேற்பார்வையாளரிடம், அவர் ஏதோ கல்யாணத்துக்காகத் தருமபுரி போயிருக்கிறார். உங்கள் வீடு பக்கமா என்று கேட்டார். பேட்டையைத் தாண்டி நடக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்தார். நெற்றி வியர்த்தது.

"பூட்ட ஒடைச்சுட்டா என்னம்மா?"

ஷாஹீன் சிரிக்கவில்லை. "அது மூணாம் கட்டத்துலங்கண்ணா வருது."

"கட்டம் கெடக்கட்டும்மா. ஒடைங்க."

பெரியம்மாள் தராசுத் தட்டிலிருந்த எடைக்கல்லை எடுத்து வந்தார். இரண்டே அடி. பூட்டு விழுந்தது.

உள்ளே போனவர் நிம்மதியாக வெளியே வந்தபோது, எதிரில் ஒரு வரிசை நின்றது. தக்காளிக்காரி, கீரைக்காரி, பூக்காரி, கைக்குழந்தையோடு ஒருத்தி. முதல் பஸ்ஸில் வந்தவர்கள். சந்தை நாளில் இவர்கள் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கருத்துக் கேட்புக்கு அழைத்தவர்களில் இவர்கள் யாரும் இல்லையே. ஒதுங்கி வழி விட்டார். இளம்பரிதி வந்து வரைபடத்தை விரித்தபோது மைக்கையும் அவரிடமே விட்டுவிட்டார். பச்சியப்பன் தலைமை வகித்து, நிறைவுரை பேசாத கூட்டம் அது ஒன்றுதான்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த இனமாவது, திருந்துவதாவது. அடுத்த மன்றக் கூட்டத்தில் அவர் பழைய பச்சியப்பன். அன்று உடைந்த பூட்டுக்கு மாற்றுப் பூட்டு வாங்கும் பேச்சு வந்தது. செயல் அலுவலர் இரும்புக் கடைக்கு ஆள் அனுப்பத் தயாராக இருந்தார். ஷாஹீன் எழுந்தார்.

"பண்பாட்டு வளாகத்துக்கு வரப்போற பூட்டுங்க இது. கடைப் பூட்டு போட்டா நல்லாவா இருக்கும்? அண்ணன்கிட்ட விட்டுடலாங்க. பெருசாப் பண்ணுவாரு."

பச்சியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூட்டுக்கென்று தனிக் குழு பிறந்தது. பழங்காலப் பூட்டுகளைப் பற்றிக் கருத்தரங்கு கூட்டலாமா என்று அது யோசித்தது. கதவு திறந்தே கிடந்தது. பேரூராட்சி வேறு வழியில்லாமல் தண்ணீரும் விட்டு, கழுவ ஆளும் போட்டது.

அந்த வருடக் கூத்தில் பாய் சுருட்டுவார் யாருமில்லை. பொழுது விடியும் நேரத்தில் ராஜா செத்தான். பெரியம்மாள், சாக வேண்டியவன்தான் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். கூத்தின் கடைசிக் கட்டத்தைப் பார்க்க அதற்கு முன்பே வந்திருந்த பச்சியப்பன், திடல் நிறைய உட்கார்ந்திருந்த பெண்களையும், திறந்து கிடந்த கதவையும், கடைசியாக ஷாஹீனையும் பார்த்தார். ஷாஹீன் மும்முரமாக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே பச்சியப்பன் பூட்டுக் குழுவின் கூட்டத்தைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். அவர் தலைமையில் பண்பாட்டுக்கு நடந்த பெரிய காரியம் அதுதான்.

சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் போன மாதம் உங்கள் தெரு நூலகத்தில் பல்பு எரியவில்லை என்று ஒருவர் வந்து சொன்னபோது, ‘முதல்ல ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்போம்’ என்று சொன்னது யார்? இருட்டில் படிக்க முடியாமல் ஆட்கள் எழுந்து போகிறார்களாம். நீங்கள் அந்தக் குரூப்பின் முகப்பில் போட நல்ல பல்புப் படமாகத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.