கடலுக்கு ஒட்டிய நோட்டீஸ்

உலகில் எத்தனையோ அரசுகள் கடலை அளந்திருக்கின்றன, கடலில் எல்லை போட்டிருக்கின்றன, கடலுக்காகச் சண்டையும் பிடித்திருக்கின்றன. ஆனால் ஒரு கடலைக் குற்றப் பொறுப்பாளியாக்கி, பதினைந்து நாள் கெடு வைத்து, அதன் முகவரியிலேயே நோட்டீஸ் ஒட்டிய பெருமை பெரம்பலூரில் கூடிய எங்கள் குழுவுக்கே உரியது. பசை தடவியவன் நான். வரலாறு என் பெயரை மறந்தாலும் அந்தப் பசையை மறக்காது.

குழுவின் முழுப் பெயர் ‘பொன்வாசல் வீட்டுக்கடன் நிறுவன வீழ்ச்சிப் பொறுப்பு நிர்ணயக் குழு’. நான் அதன் குறிப்பெழுத்தர். மனை விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் பொன்வாசல் கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுத்தது. கேட்காதவர்களை வேனில் ஏற்றிப் போய், பிரியாணி போட்டு, கேட்க வைத்தது. பிறகு விலை இறங்கியது. நிறுவனமும் ‘தற்காலிகமாக’ ஷட்டரை இறக்கியது. இறக்கி ஒன்றரை வருடமாகிறது.

பொன்வாசலின் மகுடம், அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகும் வழியில் போட்ட ‘கடற்கரை நகர்’. அரியலூரில் ஏது கடற்கரை என்று விவரம் தெரியாத சிலர் கேட்டார்கள். விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கமெல்லாம் கடல்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இன்றைக்கும் கல்லாய்ப் போன கிளிஞ்சல்கள் கிடைக்கின்றன. ஆகவே விளம்பரத்தில் நாலு தென்னை மரமும் ஒரு படகும் போட்டதைப் பொய் என்று சொல்ல முடியாது. சற்றுக் கால தாமதம், அவ்வளவே. மதிப்பீட்டாளர் கோகுலகிருஷ்ணன் ‘கடல் காட்சி’க்கென்று சதுர அடிக்கு நானூறு ரூபாய் கூட்டிப் போட்டார். அந்த மதிப்பை நம்பி முந்நூற்றுப் பன்னிரண்டு மனைகளுக்குக் கடன் போனது.

கடன் வாங்கியவர்களை விசாரித்தபோது, முந்நூற்றுப் பதினோரு பேரும் நிர்வாக இயக்குநரின் டிரைவர், டிரைவரின் மச்சான், மச்சானின் சகலை என்று ஒரே பாசமுள்ள குடும்பமாக இருந்தது தெரியவந்தது. மிச்சம் ஒருவர் குஞ்சம்மாள். சிமெண்ட் ஆலை லாரிகள் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவர். அவர் ஒருவர்தான் கடன் வாங்கி வீடு கட்டினார். அவர் ஒருவர்தான் கடனைக் கட்டியும் முடித்தார். இப்படிப்பட்ட ஒழுங்கீனம் எந்த நல்ல நிறுவனத்திலும் ஒன்றிரண்டு நடந்துவிடுகிறது.

அவருடைய மனைப் பத்திரம் மட்டும் நிறுவனத்தின் இரும்புப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. பெட்டிக்குச் சீல் வைத்தாயிற்று. பொறுப்பு யாருடையது என்று முடிவாகும் வரை யாருக்கும் எதுவும் தரக் கூடாது. முடிவானதும் நகர் முழுவதையும் ஏலம் விடுவது. பத்திரம் கையில் இல்லாதவரின் வீடும் அதில் அடக்கம்.

குழுவில் மூவர். தலைவர் வேணுகோபால், ஓய்வு பெற்ற அதிகாரி. தொழில்நுட்ப உறுப்பினர், மேற்படி கோகுலகிருஷ்ணன். சிறப்பு ஆலோசகர் ராஜராஜன், பொன்வாசலின் நிர்வாக இயக்குநராக இருந்தவர். நிறுவனம் எப்படி விழுந்தது என்பதை அவ்வளவு அருகிலிருந்து பார்த்தவர் வேறு யாருமில்லை என்பதால் பாடாலூரிலிருந்து அவரை வருந்தி அழைத்திருந்தோம். காருக்குப் பெட்ரோல் குழுவின் செலவு.

பதினான்காவது அமர்வில்தான் விடிவு பிறந்தது.

“பொறுப்பு நிர்வாகத்தோடதுன்னு எழுதிடலாமா?” என்று கேட்டார் வேணுகோபால்.

“எழுதலாம் சார். ஆனா நிர்வாகம் எதிர்லயே உக்காந்திருக்கு. சங்கடப்படும்,” என்றார் ராஜராஜன்.

“அப்ப மதிப்பீடு?”

“மதிப்பீடும் இங்கதாங்க இருக்கு,” என்றார் கோகுலகிருஷ்ணன், வெங்காய போண்டாவை மென்றபடி.

“இங்க இல்லாத ஆளா யாராச்சும் சொல்லுங்கய்யா. பதினாலு தடவை டீ குடிச்சாச்சு.”

கோகுலகிருஷ்ணன் போண்டாவை விழுங்கினார். பிறகு, பெரிய உண்மைகளைச் சொல்பவர்கள் பேசும் மெதுவான குரலில் சொன்னார்: “கடல் சார். நான் விலை போட்டது கடலை நம்பி. அது இருந்திருந்தா அந்த விலை நியாயம், கடனும் நின்னிருக்கும். அது பாட்டுக்குப் போயிடுச்சு. ஒரு வார்த்தை சொல்லலை.”

“எப்ப போச்சு?”

“நிறுவனம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போயிடுச்சு.”

“அப்ப திட்டம் போட்டுத்தான் போயிருக்கு,” என்றார் ராஜராஜன் வருத்தத்துடன்.

ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கடல் வந்து மறுத்துப் பேச வாய்ப்பில்லை என்பது அதன் மேல் இருந்த சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்தியது.

குழுவின் நடைமுறை விதிகளை எழுதித் தந்தவர் சிறப்பு ஆலோசகரே. விதி எட்டின்படி, பொறுப்பாளி கடைசியாகக் குடியிருந்த இடத்தின் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் அந்தக் கதவும் அதைச் சார்ந்த கட்டடமும் முதல் ஏலத்துக்கு வரும். கடற்கரை நகரில் கருவேல மரங்கள் நிறைய இருந்தன. கதவு ஒன்றுதான் இருந்தது.

நான் பசை வாளியுடன் போனபோது குஞ்சம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி ஒட்டுறீங்க?”

“நோட்டீஸ்ங்க. கடலுக்கு.”

“எந்தக் கடலுக்கு?”

“இங்க குடியிருந்த கடலுக்கு.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். “நாங்க வந்தே மூணு வருசம்தான் ஆவுது. எங்களுக்கு முன்னாடி யாரு குடியிருந்தாங்கன்னு தெரியாதுங்களே. வாடகை பாக்கியா?”

“வாடகை இல்லைங்க. பொன்வாசல் விழுந்ததுக்கு அதுதான் பொறுப்பு. பதினஞ்சு நாள்ல பதில் சொல்லலைன்னா இந்த வூட்டை ஏலம் விட்டுருவாங்க.”

“கடல் பதில் சொல்லலைன்னா என் வூடா?”

“விதி அப்படிங்க.”

“நான் ஒரு மாசம்கூடத் தவறாம கட்டினேன் தம்பி. ரசீது எல்லாம் வச்சிருக்கேன்.”

“அதுதாங்க சிக்கல். நீங்க பாக்கி வச்சிருந்தா உங்க பேரு ஏதாச்சும் ஒரு பட்டியல்ல இருந்திருக்கும். இப்ப எதுலயும் இல்லை.”

அவர் எழுந்து கதவருகே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “பசை பத்தலை, மேல் ஓரம் தூக்குது பாருங்க,” என்றார். நான் இன்னொரு கை தடவினேன். சாயங்காலம் மகள் வந்து படிக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

மகள் மணிமொழி, அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிப்பவர். ஒரு நாளைக்கு முப்பது மனு. எந்த ஆபீஸுக்கு எந்தப் பணிவு வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. பதினைந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தாயும் மகளும் குழுவின் முன் வந்து நின்றார்கள்.

“யாரும்மா நீங்க?” என்று கேட்டார் வேணுகோபால்.

“கடல் சார்பா வந்திருக்கோம் சார்,” என்றார் மணிமொழி.

“அதுக்கு அத்தாட்சி?”

“நோட்டீஸை எங்க கதவுல ஒட்டியிருக்கீங்க. அது எங்களைச் சேராதுன்னா சொல்லிடுங்க, கிழிச்சுட்டுப் போயிடுறோம். ஏலமும் வேண்டாம்.”

வேணுகோபால் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் மேசையைப் பார்த்தார்.

“சேரும், சேரும்,” என்றார் கோகுலகிருஷ்ணன் அவசரமாக. கடல் இல்லையென்றால் அடுத்த அமர்வு யாரைப் பற்றி நடக்கும் என்பது அவருக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கிவிட்டது.

“அப்படின்னா நோட்டீஸ் அடியில போட்டிருக்கிற விதி ஒம்பது சார். பொறுப்பாளி பதில் தயார் பண்றதுக்கு, பெட்டியில இருக்கிற அவங்க முகவரிக்கான அசல் பத்திரத்தை உடனே திருப்பித் தரணும். மனை எண் ஏழு.”

விதி ஒன்பது அப்படித்தான் சொன்னது. ஒருவேளை பொறுப்பு தம் பக்கமே வந்துவிட்டால் உதவும் என்று சிறப்பு ஆலோசகர் தொலைநோக்கோடு எழுதி வைத்த விதி. நாணயஸ்தர்களுக்குப் பத்திரம் தர எங்களிடம் விதி இல்லை. பொறுப்பாளிகளுக்குத் தர இருந்தது. இந்த நுட்பத்துக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

“என்னங்க இது, நீங்க எழுதினதுதானே?” என்று வேணுகோபால் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எழுதறப்ப வேற ஆளை மனசுல வச்சு எழுதினேன் சார்,” என்றார் ராஜராஜன்.

பெட்டியின் சீல் உடைக்கப்பட்டது; பத்திரத்தோடு பொன்வாசலின் கணக்குக் கோப்பும் மேசைக்கு வந்தது. குறிப்பேட்டில் ‘கடலுக்காக’ என்று எழுதி, அதன் கீழே குஞ்சம்மாள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தை இரண்டு முறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, துணிப்பைக்குள் வைத்து, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“வரோங்க,” என்றார்.

“இரும்மா, பதிலைக் கொடுக்கலையே,” என்று மணிமொழி தாயை நிறுத்தினார். டைப் அடித்த ஒரு தாளை விரித்து, மனுக்களுக்கே உரிய பணிவான குரலில் வாசித்தார்:

“ஐயா, பொருள்: தங்கள் நோட்டீஸுக்குப் பதில். நான் இவ்விடத்தை விட்டுப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் போனது உண்மை. போகும்போது யாரிடமும் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் நான் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. என்னுடைய கிளிஞ்சல்களைக்கூட இங்கேயே விட்டுவிட்டேன். அதை வெட்டி எடுத்துத்தான் இன்றைக்கும் ஊரே சிமெண்ட் செய்கிறது. எனக்குப் பிறகு இங்கிருந்து போனவர்கள் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதையும் தங்கள் குழு விசாரித்து அறியுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, கடல்.”

ராஜராஜனுக்கு முக்கியமான ஒரு போன் வந்தது. மணி அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை, ஆனாலும் அவர் எழுந்து பேசிக்கொண்டே போனார்.

குறிப்பெழுத்தர் கண்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. அன்றைய குறிப்பேட்டின் கடைசி வரி என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘காலை 11.20. சிறப்பு ஆலோசகர் வெளியேறினார். எடுத்துச் சென்றவை: அவருடைய பை, குழுவின் பேனா, பொன்வாசலின் கணக்குக் கோப்பு. விட்டுச் சென்றவை: எதுவுமில்லை.’