சிவப்பு அட்டை விவகாரம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகளும் நலம். அங்கு தாங்களும் அக்காவும், தற்சமயம் தங்கள் வீட்டு முன்னறையில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் தங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நேற்று தொலைபேசியில், "மாப்பிள்ளை, கதவுல என்னத்தத் தொங்க விட்டீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி, யார் பக்கமும் சாயாமல் எழுதுகிறேன். படித்து முடித்ததும் அவளைத் திருப்பி அனுப்புவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மாதவிலக்கு வருவதற்கு முந்தைய வாரத்தில் உங்கள் தங்கை வேறு ஆளாகிவிடுவாள். தலைவலி, வயிறு உப்புசம், மார்பில் வலி, தூக்கமின்மை. வாசலில் என் செருப்பு கோணலாகக் கிடந்தால் சண்டை, நேராகக் கிடந்தால், "இத்தனை நாளா ஏன் இப்படி வைக்கல?" என்று அழுகை. சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்ததற்கும் அழுதாள். குறையாகச் சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன். ஒருநாள் அவளே, "என்னன்னே தெரியலங்க, என்னையே எனக்குப் பிடிக்கல" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா தெளிவாகத்தான் பேசினார். இது கற்பனை இல்லை, உடம்புக்குள் நடக்கும் மாற்றத்தால் வருவது, நிறையப் பெண்களுக்கு உண்டு, மாதவிலக்கு தொடங்கியதும் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும் என்றார். எப்போது என்ன செய்கிறது என்று சில மாதம் குறித்து வையுங்கள், நடங்கள், தூங்குங்கள், காபியையும் உப்பையும் குறையுங்கள், அப்படியும் முடியவில்லை என்றால் வாருங்கள், மருந்து இருக்கிறது என்றார். கடைசியாக என் பக்கம் திரும்பி, "வீட்ல இருக்கிறவங்க முன்கூட்டியே தெரிஞ்சு நடந்துக்கிட்டா பாதி பாரம் குறையும்" என்றார். முன்கூட்டியே! லிஃப்ட் பராமரிப்பில் மேற்பார்வையாளனாக இருப்பவனிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லலாமா, மச்சான்? நின்ற பிறகு ஓடுகிறவன் மெக்கானிக். நிற்பதற்கு முன்னால் போய் நிற்கிறவன் மேற்பார்வையாளன். அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டேன். உங்கள் தங்கை கேட்டாளா என்றால், கேட்கவில்லை. லிஃப்டும் கேட்பதில்லை.

காபித்தூளை எடுத்து என் கருவிப் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் ஒளித்தேன். உப்பைக் குறைக்கச் சொன்னார், நான் ஒரேயடியாக நிறுத்தினேன், மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மாவுக்குத்தானே டாக்டர் சொன்னாங்க, நான் என்னப்பா பாவம் பண்ணினேன்?" என்று தட்டைத் தள்ளினாள். அடுத்தது நடை. வேலை முடிந்து வருகிறவளை நடக்கச் சொன்னால் கோபம் வருமே என்று, நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்டையே பராமரிப்பு என்று நிறுத்திவிட்டேன், அதைப் பார்க்கிறதும் என் கம்பெனிதான், யார் கேட்கப் போறாங்க என்று நினைத்தால், குடியிருப்போர் சங்கச் செயலாளர் முட்டிவலியோடு ஆறாவது மாடி ஏறி வந்து, "எதுக்குய்யா நிறுத்தின?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கிறார், எனக்குப் பொய் வராது, படிக்கட்டில் நின்றே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் உங்கள் தங்கை படியேறி வரும்போது மாடிக்கு மாடி கதவு திறக்குது, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று. வீட்டுக்குள் வந்தவள் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

இதோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் பராமரிப்பு என்றால் முழுசாகச் செய்யணும். அவள் பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். மெழுகில் பல்லைச் செதுக்கி, நிறம் பார்த்து, பக்கத்துப் பல்லுக்கே வித்தியாசம் தெரியாதபடி செய்வாள். அவளைத் தலைமைப் பொறுப்பில் போடுவதாகப் பேச்சு இருந்தது. நான் முதலாளிக்குப் போன் போட்டு, "அந்த வாரம் மட்டும் லேசான வேலையாக் குடுங்க சார்" என்று நல்லவிதமாகத்தான் சொன்னேன். அவர் என்னைவிட நல்லவர். தலைமைப் பொறுப்பைத் தூக்கி வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டார்.

வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எவன் எவன் வாய்க்கோ பல்லு செஞ்சு குடுக்கிறேன், எனக்குன்னு இருக்கிற ஒரு வாயை நீங்க எதுக்குங்க பிடுங்கிக்கிட்டீங்க?" என்று கேட்டாள். கேட்டது கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும். அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். சரி, அந்த வாரம் வந்துவிட்டது, இப்போது பேச்சுக் கொடுத்தால் ஆபத்து என்று முடிவு செய்தேன். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. பழுது பார்க்கும்போது 'எச்சரிக்கை! பழுது பார்க்கப்படுகிறது, தொடாதீர்கள்' என்று சிவப்பு அட்டை மாட்டுவோம். மாட்டினவன்தான் கழற்றணும், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. ஏனென்றால் உள்ளே ஆள் இருப்பான், வேறு யாராவது பொத்தானை அமுக்கினால் கதை முடிந்தது. அந்த அட்டை ஒன்றைத்தான் அறைக் கதவில் மாட்டினேன். மகளுக்கும் எனக்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதான். கதவைத் திறந்தாள், படித்தாள், உள்ளே போனாள். பெட்டியோடுதான் வெளியே வந்தாள்.

அட்டை இன்னும் அங்கேயே தொங்குகிறது. கழற்றப் போகிறேன், கை வரமாட்டேன் என்கிறது. செருப்பைத் தினமும் நேராக வைக்கிறேன், ஏன் என்று கேட்க ஆளில்லை. அவள் இல்லாமல் எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை மச்சான், அவ்வளவுதான். இந்த மாதத்துக் கோபம் இந்நேரம் வடிந்திருக்கும். தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பி வைக்கவும்.

அக்காவின் கால்வலி குணமாகவும், தங்கள் பிள்ளைகள் சண்டை போடாமல் வளரவும் வேண்டிக்கொள்ளும்,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது உங்கள் தங்கை தானே வந்து நின்றாள், ஆறு மாடியும் ஏறி. லிஃப்டை ஓட விட மறந்திருந்தேன். கடிதத்தை வாங்கி நின்றபடியே முழுதும் படித்தாள். "நீங்க அட்டை மாட்டின அன்னிக்கு எனக்கு மாதவிலக்கு வந்து, முடிஞ்சே போயிருந்துச்சு. குறிச்சு வெச்சிருக்கேன், நீங்கதான் கேக்கல. தலைவலி இல்ல, ஒண்ணும் இல்ல. அது வெறும் கோபம். உங்க மேல" என்றாள். "அந்த வாரத்துல எனக்கு உதவி வேணும்தான். நான் கேக்கிறதைச் செய்ங்க, தூங்க விடுங்க. மத்த நாள்ல நான் கத்தினா, எதுக்குன்னு கேளுங்க" என்றாள். கதவிலிருந்த அட்டையை என்னையே கழற்றச் சொன்னாள். கழற்றினேன். அதை வாங்கி என் சட்டைப் பொத்தானில் மாட்டிவிட்டாள். நாளைக் காலை இதோடுதான் அவள் கூடத்துக்குப் போய், அவளைக் கேட்காமல் போன் செய்தது நான்தான் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டுமாம். ஆகவே மேலே எழுதியதில் டாக்டரம்மா சொன்னதைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். அட்டையை எப்போது எடுப்பாய் என்று கேட்டேன். "மாட்டினவங்கதானே கழற்றணும்? முதல்ல முதலாளி என்ன சொல்றாருன்னு பாப்போம்" என்றாள்.