மாமனார் பாத்தியில் நான் நடத்திய பரேடு

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் முழுப் பொய் இல்லை. "மாப்ள என்ன பண்றாரு?" என்று கேட்டார்கள். மரக்காணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு, "ஊர்க்காவல் படையிலயும் இருக்கேன். ஒரு இருபது பேரு நம்ம கன்ட்ரோல்ல" என்று சேர்த்துக்கொண்டேன். படையில் இருந்தது சத்தியம். கடைசி வரிசையில் கடைசி ஆள் நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. (யாரும் கேக்கலையே!)

மாமனார் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு யாரைப் பார்த்தாலும், "நம்ம மாப்ள, ஆபீசரு" என்று அறிமுகம் செய்து வைப்பார். நானும் மறுக்காமல் ஆபீசர் மாதிரி லேசாகத் தலையை ஆட்டுவேன்.

2006-இல் பொங்கல் கழிந்த வாரம் கடிதம் வந்தது. ஒரு வருஷமாகப் பரேடு பக்கமே தலைகாட்டாதவர்கள் நான்கு நாள் மறுபயிற்சிக்கு வரவேண்டும், வராவிட்டால் பெயர் நீக்கப்படும். பெயர் போனால் ஆபீசரும் போச்சு. பெட்டிக்கு அடியிலிருந்து காக்கி பேண்ட்டைத் தேடி எடுத்தேன். ஆறு மாதமாக என் மனைவி செல்வி போட்ட சாப்பாடு, பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளியாக வந்து நின்றது. ஒரு பெரிய ஊக்கைக் குத்தி, மேலே பெல்ட்டைக் கட்டி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு விழா ஏற்பாடு நடந்ததால், உப்பளத்து நடுவே லாரி போகிற மண்ரோட்டில் பயிற்சி. சொல்லிக்கொடுக்க ஒரு ஏட்டையா வந்திருந்தார். அவருக்கு இரண்டே கொள்கைதான். "பூட்ஸ் விழுந்தா பூமி அதிரணும். கமாண்ட் வர்ற வரைக்கும் எதிர்ல செவுரே வந்தாலும் நிக்கக் கூடாது." மூன்று நாள் பூமியை அதிர வைத்தோம். நான்காம் நாள், "ஏம்பா, ஆளுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்து ஸ்குவாட நடத்துங்க" என்றார்.

ரோட்டை ஒட்டி இருந்தது மாமனாருடைய பாத்தி. உப்பு விளைய வேண்டுமானால் பாத்தியின் களிமண் தரை வழவழவென்று இறுக வேண்டும். அதற்காக ஆட்கள் வரிசையாக நின்று வெறுங்காலால் நாள்கணக்கில் மிதிப்பார்கள். மிதித்து முடித்த பாத்தியில் செருப்புக் காலை வைத்தால் சொந்தப் பிள்ளைக்கும் அடி விழும். அந்தப் பாத்தியை ஆறு பேர் எட்டு நாள் மிதித்து முடித்திருந்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மாமனாரோ அதை நிறுத்திவிட்டு, வேலையாட்களை எல்லாம் வரப்பில் நிற்க வைத்திருந்தார். மாப்பிள்ளை பரேடு நடத்துகிறாராம்.

என் முறை வந்தது. படையைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துகொண்டே குரல் கொடுத்தேன். இருபது பேரும் என்னை நோக்கி அதிர அதிர வந்தார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமனார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ரோடு என் வலது கைப் பக்கம் திரும்பியது. "ரைட்... டர்ன்!" என்று முழங்கினேன்.

எதிரில் நிற்பவனுக்கு வலது என்றால் வருகிறவனுக்கு இடது. இது எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். படை ஒழுங்காகத் தன் வலது பக்கம் திரும்பி, வரப்பைத் தாண்டி, மாமனார் பாத்தியில் இறங்கியது.

உடனே 'ஹால்ட்' சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சரியான கால் தரையில் படும்போதுதான் சொல்ல வேண்டும். தப்பான காலில் சொல்லி மாமனார் முன்னால் மானம் போய்விடக் கூடாதே! இந்தக் காலா, அடுத்த காலா என்று நான் கணக்குப் பார்ப்பதற்குள் பாதிப் பாத்தி தாண்டிவிட்டது. கடைசியில் எந்தக் காலானாலும் சரி என்று மூச்சை நன்றாக இழுத்தேன். ஊக்கு பிய்ந்தது, பெல்ட்டும் கழன்றது. இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டேன். வாயிலிருந்து "ஹா..." மட்டும் வந்தது.

"டேய், நில்லுங்கடா!"

மாமனார்தான். இருபது பேரும் ஒரே சத்தத்தில் நின்றார்கள். மூன்று நாளில் அப்படி ஒரு தடவைகூட நின்றதில்லை. "இதான்யா கமாண்டு! யாருய்யா இவரு?" என்று ஏட்டையா அசந்துபோய்க் கேட்டார்.

மாமனார் பாத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்தி முழுக்கக் குதிகால் பள்ளங்கள். இப்போது சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, எட்டு நாள் உழைப்பு அப்படிக் கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேண்ட்டைப் பிடித்தபடியே அவரிடம் போனேன்.

"மாமா, மன்னிச்சிடுங்க. நான் ஆபீசரெல்லாம் இல்ல. கடைசி வரிசைதான்."

"தெரியும் மாப்ள. மொத நாளே பார்த்தேனே. எல்லாரும் மார்ச் பண்ணிக்கினு போறாங்க, நீங்க பின்னாடி குந்தி லேஸ் கட்டிக்கினு இருந்தீங்க."

"அப்புறம் ஏன் மாமா இவங்களைக் கூப்ட்டு ஆபீசருன்னு..."

"பொண்ண குடுத்துட்டனே மாப்ள. வேற இன்னா சொல்றது?"

அதற்குள் மிதி ஆட்களின் தலைவி அஞ்சலை அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். "அல்லாரும் பூட்ஸக் கழட்டுங்க!" இருபது பேரும் கழற்றினார்கள். நான், ஏட்டையா உட்பட அத்தனை பேரும் வரிசையில் நின்று பொழுது சாயும்வரை மிதித்தோம். எங்கள் வரிசை பாம்பாக நெளிந்தது. பக்கத்தில் அந்த ஆறு பேரும் நூல் பிடித்த மாதிரி போனார்கள். ஏட்டையா அவர்களையே பார்த்துவிட்டு, "நான் தப்பான ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்துட்டேன்பா" என்றார்.

அதன் பிறகு படையில் என் பெயர் இருந்ததா, போனதா என்று நான் போய்க் கேட்கவே இல்லை. ஆனால் அடுத்த தையில் மாமனாரிடமிருந்து போன் வந்தது. "மாப்ள, மிதி ஆரம்பிச்சிட்டாங்க. நாலு நாளு வந்துட்டுப் போங்க." அன்றிலிருந்து வருஷம் தவறாமல் போய் மிதித்துவிட்டு வருகிறேன். போன தையில் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிக்கிற என்னைக் காட்டி மாமனாரிடம் யார் என்று கேட்டார்.

"நம்ம மாப்ள. ஆபீசரா இருந்தாரு."

"அப்படிங்களா! எவ்ளோ நாளு?"

"ஒரு பாத்தி தூரம்" என்றார் மாமனார்.